மூன்றாவது பாத்தி

ஆய்வுக் குழு வருகிறது என்றால் கல்லூரியில் முதலில் உயிரை விடுவது புல்தான்.

வேலப்பன்சாவடி தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் இது எழுதாத சட்டம். குழு வரும் தேதி தெரிந்ததும் நடைபாதை ஓரக் கற்களுக்கு வெள்ளையும் கறுப்பும் அடிப்பார்கள். கழிப்பறையில் சோப்பு முளைக்கும். நூலகத்தில் ஆட்கள் முளைப்பார்கள். தானாக முளைத்தது எதுவும் கண்ணில் படக்கூடாது என்று வளாகம் முழுக்க வழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாடகைக்கு வந்த குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக அடுக்குவார்கள். குழு கிளம்பிய மறுநாள் தொட்டிகளும் கிளம்பிவிடும். இத்தனையும் படித்தவர்கள் செய்கிற வேலை. படிக்காதவனுக்கு இவ்வளவு தூரம் யோசிக்க வராது.

நிவேதிதா அங்கே சிவில் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சொந்த ஊர் போடிநாயக்கனூர். மேனாம்பேட்டில் ஒரு மாடியறையில் தங்கிக்கொண்டு தினமும் பஸ் மாறி வந்து போனாள். மலைச்சரிவில் பெய்கிற மழை மண்ணை எப்படிக் கரைக்கிறது, மேலே புல்லும் மரமும் போர்த்தியிருந்தால் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வேலப்பன்சாவடியில் மலைக்கு எங்கே போவது? அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் சம்பந்தம் மலையையே வரவழைத்தார். ஆடிட்டோரியத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண் சிவில் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு மாடி உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதன் ஒரு பக்கத்தைச் செங்குத்தாகச் சரித்து, ஏலகிரி அடிவாரத்திலிருந்து லாரியில் வந்த செம்மண்ணை மேலே பரப்பி, தகரம் பதித்து மூன்று பாத்திகளாகப் பிரித்துக் கொடுத்தார். பாத்தி என்றால் கீரைப் பாத்தி அல்ல. உச்சியிலிருந்து அடிவரை நீளமாக இறங்கும் மூன்று பட்டைகள்.

முதல் பாத்தியில் வெற்று மண். இரண்டாவதில் புல். மூன்றாவதில் மலையில் இருப்பது போலவே புதர், சின்ன மரங்கள், கீழே உதிர்ந்த சருகு. ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு நீல டிரம். பாத்தியிலிருந்து வழியும் தண்ணீரும் மண்ணும் அதில் வந்து விழும். டிரம்களுக்கு மேல் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதை ஒட்டி கல்லூரியின் சுற்றுச்சுவர். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற அளவுக்குத்தான் இடம்.

மழை பெய்த மறுநாள் டிரம்களைப் பார்த்தால் போதும், பாடம் நடத்தவே வேண்டாம். முதல் டிரம்மில் சாம்பார் மாதிரி கெட்டியாகச் சேறு நிற்கும். மூன்றாவதில் அரிசி கழுவிய தண்ணீர்தான். வெற்று மண்ணில் மழைத்துளி நேராக அறைகிறது, மண் தூளாகிறது, வழிகிற நீர் அதை அள்ளிக்கொண்டு போகிறது. இலை இருந்தால் அறையை இலை வாங்கிக்கொள்கிறது. சருகு நீரைக் குடிக்கிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஊரில் அம்மா சொந்தக்காரர்களிடம் இப்போதே அவளை டாக்டர் என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். இந்த வருஷத்து வடகிழக்குப் பருவமழையை அளந்துவிட்டால் ஆய்வேடு முடிந்தது. அளக்க முடியாவிட்டால் பல்கலைக்கழகம் இன்னொரு முறை அவகாசம் தராது, இத்தனை வருஷ உழைப்பும் குப்பைதான்.

தீபாவளிக்குப் போடிக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று, பை தோளில் தொங்க, நேராகப் பாத்திகளைப் பார்க்க வந்தாள். மேடு மொட்டையாக நின்றது.

மேட்டின் மேல் துப்புரவுப் பெண்கள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து, மூன்றாவது பாத்தியின் கடைசிப் புதர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் ஆரோக்கியம்மாள். திருநின்றவூரிலிருந்து ரயில் ஏறி, ஆவடியில் இறங்கி பஸ் பிடித்து வருகிறவள். முழங்கால் வலிக்காரி. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும்.

"யாரு உங்களப் புடுங்கச் சொன்னது?"

"கஜபதி சார்தான் சொன்னாரு மேடம். குழு வருதாம். அடிக்கட்ட நின்னா அசிங்கமா கீதுன்னு வேரோட புடுங்க சொல்டாரு. கத்திரிக்கோல் வெச்சி வெட்னா திட்றாரு. பாருங்க, கையெல்லாம் கொப்பளம்."

வேரோடு என்ற சொல்தான் நிவேதிதாவின் தலைக்கு ஏறியது. வெட்டியிருந்தால்கூட வேர் உள்ளே இருந்திருக்கும், இந்த ஒரு மழைக்காலத்துக்காவது மண்ணைப் பிடித்திருக்கும். பிடுங்கிய இடமெல்லாம் இப்போது குழி. மண் கிளறிய மாவு போலப் பொலபொலத்துக் கிடந்தது.

"அறிவிருக்கா? தகரம் அடிச்சு, போர்டு வச்சு, டிரம் வச்சிருக்கு. இது ஆராய்ச்சின்னு கண்ணுக்குத் தெரியலையா? இங்கிலீஷ் படிக்கத் தெரியலன்னா கேக்க வாய் இல்லையா? என் வாழ்க்கையையே புடுங்கிப் போட்டுட்டு கொப்பளத்தக் காட்டுறீங்களா? அந்தக் கை அழுகித்தான் போகணும்!"

ஆரோக்கியம்மாள் கையிலிருந்த செடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற இரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. கஜபதியிடம் போய் இப்படிக் கத்துவதற்கு நிவேதிதாவுக்குத் தைரியம் கிடையாது. தண்ணீரைப் போலத்தான் கோபமும், பள்ளம் எங்கே என்று பார்த்துத்தான் ஓடும்.

வளாக மேலாளர் கஜபதியின் அறைக்கு அவள் போனபோது குரல் பாதியாகியிருந்தது. இவர் வேலப்பன்சாவடிக்காரர். கல்லூரிக்கு நிலம் வாங்கிய காலத்திலிருந்தே இங்கே இருக்கிறவர், முதல்வரே இவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா மேடம், புல்லுக்குப் போயி இப்டி அழுறீங்க? நாலு மழ பேஞ்சா தானா மொளைக்கப் போவுது."

"சார், அது முளைக்காது, சரியும். வேரெல்லாம் போயிடுச்சு, மண்ணு லூசா இருக்கு. பெரிய மழை வந்தா மேடு அப்படியே இறங்கிடும். தார்ப்பாய் போட்டு மூடணும்."

"தார்ப்பாயா? குழு வர்ற அன்னிக்கு நீலக் கலர்ல, மீன் மார்க்கெட்டு மாரியா?" கஜபதி சிரித்தார். "ஒங்க சம்பந்தம் சாரக் கேளுங்க. அவரு சொன்னா போடுறேன்."

சம்பந்தம் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் யாருக்கோ கேடு என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

"முட்டாளா நீ? இதுக்கா அழுதுட்டு வந்தே?"

"சார், மூணு பாத்தியும் போச்சு சார்."

"போகல. வந்திருக்கு. ஒரே சரிவு, ஒரே மண்ணு. இத்தனை வருஷம் பச்சை இருந்தப்போ அளந்து வச்சிருக்கே. இப்போ பச்சையை எடுத்தாச்சு. அடுத்த மழைக்கு எவ்வளவு மண்ணு இறங்குதுன்னு அளந்தா, அந்த மாதிரி டேட்டா நாட்டுல எவன்கிட்ட இருக்கு? நாமளே எடுத்திருந்தா பர்மிஷன் கேட்டுக் கேட்டே செத்திருப்போம். கஜபதி ஓசியில பண்ணிக் கொடுத்திருக்கான்."

"தார்ப்பாய் போடலன்னா சரிஞ்சிடும் சார்."

"சரியட்டும்மா. அதைத்தானே அளக்கப் போறோம்?"

அறையை விட்டு வரும்போது அவளுக்கு அழுகை நின்றிருந்தது. அதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது. மேனாம்பேட்டு அறையில் அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மொபைலில் வானிலையைப் பார்த்தாள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று இருந்தது. சந்தோஷப்பட்டாள். மழைக்காகச் சந்தோஷப்படுவது பாவமா என்ன?

குழு வந்த அன்று காலையிலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. துப்புரவுப் பெண்களுக்கு விடியும் முன்பே வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் கண்ணில் படக்கூடாது. சுத்தமாக இருக்கிற இடத்தில் சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்தால், இது நேற்றுவரை அழுக்காக இருந்தது என்று குழுவுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். போன வருஷம் அவர்களை பஸ் ஷெட்டில் அடைத்து வைத்தார்கள். இந்த வருஷம் பஸ் ஷெட்டுக்கும் பெயின்ட் அடித்தாகிவிட்டது.

துறை வாசலில் நிவேதிதா புதுப் புடவையில் நின்றுகொண்டிருந்தபோது ஆரோக்கியம்மாள் பக்கவாட்டில் வந்து நின்றாள். அன்றைய திட்டுக்குப் பிறகு இப்போதுதான் முகம் பார்க்கிறாள்.

"மேடம், குழு போற வரிக்கும் எங்கியாச்சும் மறவா குந்துங்கன்னு கஜபதி சார் சொல்டாரு. ஒங்க டிரம்மு கொட்டாயில குந்திக்கினு இருக்கவா? மழ வர்ற மாரி கீது. வேற எங்கியும் கூர இல்ல மேடம்."

நிவேதிதா மேட்டைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் வேண்டாம் என்று கேட்டால் சொல்லவும் அவளுக்குத் தெரியும், நாட்டிலேயே அவளைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அந்தக் கைகளைப் பார்த்ததும் பழைய எரிச்சல் குபுக்கென்று வந்தது.

"டிரம்மை மட்டும் தொடாதீங்க" என்றாள்.

"தொட மாட்டோம் மேடம்." ஆரோக்கியம்மாள் மகிழ்ச்சியாகப் போனாள்.

குழு சிவில் துறைக்கு வந்து உட்கார்ந்ததும் மழை பிடித்தது. தூறல் கீறல் எதுவும் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. மேட்டின் உச்சியில் இருக்கும் மழைமானி நிமிஷத்துக்கு நிமிஷம் அனுப்பும் அளவு, நிவேதிதாவின் திரையில் ஒரு கோடாக ஏறிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"லைவ் டேட்டாவா? இப்போ வெளியே பெய்யற மழையா இது?"

"ஆமாம் சார்" என்றார் சம்பந்தம், தாமே பெய்கிறவர் போல.

நிவேதிதா படங்களைக் காட்டினாள். மொத்த மழையைவிட, அது எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்பதுதான் முக்கியம் என்றாள். நாள் முழுக்க நின்று பெய்கிற மழையை மண் குடித்துவிடும், ஒரே மூச்சில் அறைகிற மழைதான் சரிவைத் தின்னும் என்றாள். பேசப் பேச அவளுக்கே ருசித்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் இப்படி வாயைப் பிளந்து கேட்டதில்லை.

"சரி, ஒரு கேள்வி" என்றார் தலைவர். "பச்சையை மொத்தமா எடுத்துட்டாங்கன்னு வைங்க. வேரையும் எடுத்தாச்சு. இப்போ பெய்யுதே, இதே மழை பெய்யுது. அந்தச் சரிவு எவ்வளவு நேரம் தாங்கும்?"

திரையில் கோடு, முதல் பாத்தியின் மண் வழக்கமாகக் கரைந்து வழியத் தொடங்கும் அளவைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அங்கே கொட்டகையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பது அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வந்தது என்பது பொய், அது போகவே இல்லை. கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஒரு நிமிஷம் மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடலாம். குரல் கொடுத்தாலே போதும். சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று பேரும் குழந்தைகளா, மண் வந்தால் எழுந்து போகத் தெரியாதா என்று நினைத்தாள்.

"இந்த மழைக்கு ரொம்ப நேரம் தாங்காது சார்" என்றாள். அடுத்த படத்துக்குப் போனாள்.

லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. தலைவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற கஜபதி, "பக்கத்து சைட்டுல லோடு எறக்குறாங்க சார்" என்றார். அப்போது அது பொய் என்று அவருக்கே தெரியாது. சத்தத்தைக் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, அவ்வளவு பழக்கம்.

கொட்டகையில் இளையவர்கள் இரண்டு பேரும் சேறு கணுக்காலுக்கு வந்ததுமே சுவரைப் பிடித்து ஏறிவிட்டார்கள். ஆரோக்கியம்மாளுக்குக் கை கொடுத்து இழுத்தார்கள். அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. நீங்க போங்கடி, நான் மெதுவா வரேன் என்றாளாம். மூன்றாவது பாத்தி மொத்தமாக இறங்கி, டிரம்மையும் கூரையையும் அவளையும் சுவரோடு சேர்த்து அப்பியது. விடுதிப் பையன்கள் வெறுங்கையால் தோண்டி எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் பின் வாசல் வழியாக வந்தது, சைரன் போடக்கூடாது என்று டிரைவரிடம் சொல்லியிருந்தார்கள். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் இறந்துவிட்டாள். அந்த நேரத்தில் குழு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நிவேதிதாவுக்கும் ஒரு இலை போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் குழு கிளம்பிய பிறகு அவள் மேட்டுக்கு எதிரே நின்று அழுதாள். பொய் அழுகை இல்லை, குடல் வெளியே வருகிற மாதிரி அழுதாள். சம்பந்தம் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"அழணும்னா ரூமுக்குப் போய் எவ்வளவு வேணாலும் அழு. இப்போ இறங்குன மண்ணை அளந்து முடி. காலையில ஜேசிபி வந்து எல்லாத்தையும் வாரிடும்."

"சார், அவங்க செத்துட்டாங்க சார்."

"தெரியும்மா. எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? நீ அளக்கலன்னா அவங்க திரும்பி வந்துடுவாங்களா? வராங்கன்னா சொல்லு, அளக்க வேண்டாம்."

டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதல் பாத்தி அவ்வளவாக இறங்கவில்லை. வருஷக்கணக்கில் மழை அடித்து, கரைந்தது போக மிஞ்சிய அதன் மேல்மண் ஓடு போல இறுகிப் போயிருந்தது. வேர் பிடுங்கிய மூன்றாவதுதான் ஆழத்தோடு பெயர்ந்து வந்திருந்தது. இத்தனை வருஷமும் மற்ற பாத்திகளை விடக் குறைவாக மண் இழந்த பாத்தி இன்று எல்லாவற்றையும் விட அதிகமாக இழந்திருந்தது. இதை யாரும் இதுவரை அளந்ததில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, அது துக்கத்தால் மட்டுமல்ல. சேற்றின் நீளத்தை அளந்தாள், அகலத்தை அளந்தாள், உயரத்தை அளந்தாள். சுவரோரம் பையன்கள் தோண்டியெடுத்த இடத்தில் ஒரு குழி இருந்தது. அங்கே மண்ணை வெளியே வீசியிருந்தார்கள், குழியின் அளவைச் சேர்த்தால்தான் கணக்கு சரிவரும். சேர்த்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் இருந்தது முழுக்க மண் இல்லை. ஒரு ஆளின் அளவைக் கழிக்க வேண்டும். அவள் குழிக்குள் இறங்கி நின்று, ஆரோக்கியம்மாள் தன் உயரம் இருப்பாளா, கொஞ்சம் பருமனா என்று யோசித்தாள். யோசித்து, கழித்தாள்.

கல்லூரி ஆரோக்கியம்மாளின் மாரடைப்புக்கு வருத்தம் தெரிவித்தது. மேட்டை வாரி எடுத்துவிட்டு அங்கே டைல்ஸ் போட்டார்கள். பெரிய மனசு பண்ணி அவள் மகள் ஸ்வீட்லினுக்கு அதே வேலையைக் கொடுத்தார்கள். அதற்காக அந்தப் பெண்ணை முதல்வர் அறைக்கு அழைத்துப் போய், நின்றபடியே நன்றி சொல்ல வைத்ததும் கஜபதிதான்.

கோடைக்கு முன்பே நிவேதிதாவின் வாய்மொழித் தேர்வு வந்தது. புதிய ஆடிட்டோரியத்தின் பக்கத்து ஹாலில் துறை முழுவதும் உட்கார்ந்திருந்தது. போடியிலிருந்து அம்மா பட்டுப்புடவையில் வந்து முன் வரிசையில் இருந்தாள். தேர்வாளர் வடக்கேயிருந்து விமானத்தில் வந்த பெரிய மனிதர், தமிழ் தெரியாது. எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. மூன்றாவது பாத்தியின் கடைசி அளவைப் பார்த்து அவர் அசந்துபோனார்.

வேரை இயந்திரத்தால் எடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை, ஆட்கள் கையால் எடுத்தார்கள் என்றாள். கையால் எடுத்தால் இவ்வளவு சுத்தமாக வருமா என்றார். நன்றாக வேலை செய்தார்கள் என்றாள். உங்களுக்குச் சரியான நேரத்தில் சரியான மழை கிடைத்திருக்கிறது, அதிர்ஷ்டம் என்றார். நன்றி சார் என்றாள்.

காபித் தட்டோடு ஸ்வீட்லின் பின் கதவு வழியாக உள்ளே வந்தாள். கேள்வி முடியட்டும் என்று சுவரோரம் நின்றாள்.

தேர்வாளர் புகைப்படத்தை இன்னொரு முறை பார்த்தார். சேறு சுவரில் அப்பியிருக்கும் படம். "வாஸ் எனிபடி ஹர்ட்?" என்றார்.

சம்பந்தம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை, ஆனாலும் மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நோபடி, சார்" என்றாள் நிவேதிதா.

தேர்வாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். இனி உங்களை டாக்டர் நிவேதிதா என்று அழைக்கலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், அம்மா அழுதாள். தட்டு வரிசையாக வந்தது. தேர்வாளருக்கு, சம்பந்தத்துக்கு, அம்மாவுக்கு, கடைசியாக நிவேதிதாவுக்கு. ஸ்வீட்லின் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள்.

கோப்பையை நீட்டியபடி குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"நோபடியா, மேடம்?"

நிவேதிதா காபியை வாங்கிக்கொண்டாள்.